உடையவர் காலஞ்சென்ற பின் டிராக்டரின் பதிவை வாரிசின் பெயருக்கு மாற்றும் முறை

நம் வேளாண் குடும்பங்களில், தகப்பனார் காலஞ்சென்றால், அவர் பூட்டிய ஏரும், ஓட்டிய காளைகளும், பாரவண்டியும் யாதொரு காகிதமுமின்றி மக்கள் கைக்கு வந்து சேர்வது தொன்றுதொட்ட வழக்கமாகும். கருமாதி முடிந்த மறுநாள் மூத்த மகன் தொழுவத்திற்குச் சென்று காளைகளை அவிழ்த்து வயலுக்கு ஓட்டிச் செல்வான். அதை எவரும் கேட்பதில்லை, கேட்க இடமுமில்லை. நிலத்திற்கு மாத்திரம் பட்டா மாறுதல் செய்தல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர்.

இக்காலத்தில் காளைகள் நின்ற இடத்தில் டிராக்டர் நிற்கின்றது. டிராக்டரையும் காளையைப்போலவே எண்ணிவிடுவதுதான் பல குடும்பங்களுக்கு நேரிடும் இன்னல்களுக்கு மூலகாரணம். டிராக்டர் நிற்பது நம் வீட்டுக் கொட்டகையில். அதன் உரிமை நிற்பதோ அரசாங்கப் பதிவேட்டில், ஒருவர் பெயரில். அப்பெயருடையவர் இறந்தால் பெயர் தானாக மாறுவதில்லை. மாற்றித் தருமாறு விண்ணப்பித்தல் வாரிசின் கடமை. அதற்குச் சட்டம் கெடுவும் வைத்திருக்கின்றது. அக்கெடு துக்கம் ஆறிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. இறந்த நாளிலிருந்தே எண்ணப்படுவது. ஆதலால் இம்முறையை முன்னரே அறிந்து வைத்தல் ஒவ்வொரு விவசாயிக்கும் அவசியமாகும். இங்கே டிராக்டரைக் குறித்தே பேசினும், மோட்டார் சைக்கிள், கார் முதலிய வண்டிகளுக்கும் விதி இதுவே.

பதிவின் தன்மை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக, 1989-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் அமலில் இருந்து வருகின்றது. அதன்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கின்றதோ அவரே ‘உரிமையாளர்’ எனப்படுவார். பதிவுக்கு உரியவர் மைனராக இருந்தால் அவருடைய கார்டியனையும், தவணை முறையிலோ கடன் ஒப்பந்தத்திலோ வாங்கிய வண்டியாயின் அதைச் சுவாதீனத்தில் வைத்திருப்பவரையும் சட்டம் உரிமையாளராகக் கொள்ளுகின்றது.

இவ்விதியின் வலிமையை ஒரு தீர்ப்பால் அறியலாம். ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் வேறொருவருக்கும், அவர் இன்னொருவருக்கும் கைமாற்றினர். பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. பிறகு அக்கார் விபத்துக்கு உள்ளாயிற்று. நஷ்டஈட்டிற்குப் பொறுப்பு யார் என்ற வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பாவார் என உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பதிவேட்டிலுள்ள பெயர் ஒருவரை விடாது பற்றுமாயின், அப்பெயர் காலஞ்சென்றவர் பெயராக இருக்கும்போது வரும் சிக்கலைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வண்டி வழியில் ஒருவர்மேல் மோதிவிட்டால், வண்டியை ஓட்டியவர் மேலும், அதைச் சுவாதீனத்தில் வைத்திருப்பவர் மேலும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேலும் வழக்கு வரக்கூடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, பாலிஸி காலாவதியாகிவிட்டது எனக் கைவிரிக்கக்கூடும். ஒரு டிராக்டரின் பெயரை மாற்றாமையால், வழிவழி வந்த நிலத்தையே விற்று நஷ்டஈடு கொடுக்கும் நிலை வாராதிருக்கவேண்டும்.

மூன்று கெடுக்கள்

வாரிசு நினைவில் வைக்கவேண்டிய கெடுக்கள் மூன்று.

(1) இறந்த 21 நாட்களுக்குள், இறப்பைப் பதிவு செய்தல்.

(2) இறந்த 30 நாட்களுக்குள், உரிமையாளர் இறந்த செய்தியையும், வண்டியைத் தாம் உபயோகிக்கக் கருதியிருப்பதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்தல்.

(3) இறந்த 3 மாதங்களுக்குள், பெயர் மாற்றத்திற்குப் படிவம் 31-இல் விண்ணப்பித்தல்.

இவற்றுள் முதலாவது, 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைச் சார்ந்தது. ஏனைய இரண்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவையும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-ஆவது விதியையும் சார்ந்தவை.

இரண்டாவது கெடுவையே மக்கள் பெரும்பாலும் தவற விடுகின்றனர். ‘மூன்று மாதம் அவகாசம் உண்டு’ என்பதை மட்டும் கேள்விப்பட்டு, மூன்றாம் மாத இறுதியில் அலுவலகத்திற்குச் செல்லுகின்றனர். விதி கூறுவது அவ்வாறன்று. வாரிசானவர், வண்டி தம் பெயருக்கு மாறிவிட்டதைப்போலவே மூன்று மாதம் வரை அதை உபயோகிக்கலாம். ஆனால் 30 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுத்தவருக்கே அச்சலுகை உண்டு. அறிவிப்புக் கொடாதவர் அச்சலுகையைக் கோர இயலாது.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தஞ்சைப் பகுதியில் ஒரு விவசாயி ஜனவரி 10-ஆம் தேதி காலஞ்சென்றார் என வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை தொடங்கும் காலம் அது; நெல்லைக் களத்திற்கும் கொள்முதல் நிலையத்திற்கும் ஏற்றிச் செல்ல டிராக்டர் நாள்தோறும் வேண்டும். பதினாறாம் நாள் கருமாதி ஜனவரி 25-இல் முடியும். இறப்பைப் பதிய ஜனவரி 31 வரையில் கெடு உண்டு. போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவிக்க பிப்ரவரி 9 வரையில் உண்டு. படிவம் 31-ஐத் தாக்கல் செய்ய ஏப்ரல் 10 வரையில் உண்டு. கருமாதி முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின் முதல் கெடுவிற்கு ஆறு நாட்களும், இரண்டாவதற்கு இரண்டு வாரமுமே எஞ்சி நிற்பதைக் கவனிக்க. மூன்றாவது கெடு முடியுங் காலத்தில் கோடை உழவுக்கு டிராக்டர் வேண்டியிருக்கும். ஆகவே, துக்க வீட்டில் இத்தேதிகளை நினைவில் வைத்து நடத்துவதற்கு நிதானமுள்ள உறவினர் ஒருவரை நியமித்துக்கொள்ளுதல் நலம்.

இறப்பைப் பதிதல்

மேற்கூறிய காரியங்கள் யாவும் இறப்புச் சான்றிதழை ஆதாரமாகக் கொண்டவை. வீட்டில் நேர்ந்த இறப்பைக் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ தெரிவித்தல் வேண்டும். ஆஸ்பத்திரியில் நேர்ந்ததாயின், அதன் பொறுப்பிலுள்ள வைத்திய அதிகாரி தெரிவிக்கவேண்டும். கிராமப் பகுதிகளில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளராவார்.

இங்கு ஒன்று கவனிக்கத் தக்கது. இறப்பு எவ்விடத்தில் நேர்ந்ததோ அவ்விடத்துப் பதிவேட்டில்தான் பதியவேண்டும். கிராமத்து விவசாயி நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தால், அந்நகரத்துப் பதிவாளரிடமே சான்றிதழ் கிடைக்கும். சொந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று காத்திருப்பதில் பயனில்லை. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. அதன் பின் 30 நாட்கள் வரையில் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டு வரையில் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும்.

பெயரைப் பதியும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். நம் நாட்டில் ஒருவருக்கே பட்டாவில் ஒரு பெயரும், ஆதார் அட்டையில் ஒரு பெயரும், ஆர்.சி. புத்தகம் என வழங்கும் பதிவுச் சான்றில் ஒரு பெயரும் இருப்பதுண்டு. ஓரிடத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். மற்றோரிடத்தில் ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கும். அழைக்கும் பெயர் வேறு, எழுதும் பெயர் வேறாயிருத்தலும் உண்டு. இறப்பைத் தெரிவிக்கச் செல்பவர் மேற்கூறிய பத்திரங்களைக் கையில் கொண்டுபோய், பெயரை அவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்து எழுதச் செய்வாராயின், பின்னர் பல மாத அலைச்சல் நீங்கும்.

வாரிசுச் சான்றிதழ்

இறந்தவருக்கு வாரிசுகள் இன்னார் இன்னார் எனக் காட்டும் சான்றிதழைத் தாசில்தார் வழங்குகின்றார். இ-சேவை மையத்தின் வழியே இதற்கு விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தந்த பின் தாசில்தார் உத்தரவிடுவார். இவ்விசாரணைக்குச் சில வாரங்கள் செல்லுமாதலால், இறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடனேயே இதற்கு விண்ணப்பித்துவிடவேண்டும். மூன்று மாதக் கெடுவைத் தவறவிடும் குடும்பங்கள் பல, இச்சான்றிதழுக்குக் காலந்தாழ்த்தி விண்ணப்பித்தவையே.

விண்ணப்பத்தில் வாரிசுகள் ஒருவரையும் விடாது எழுதுதல் வேண்டும். மணமாகி வேறூர் சென்ற பெண்களின் பெயரை விட்டுவிடுதல் சில இடங்களில் இன்னும் வழக்கமாயிருக்கின்றது. இது சட்டத்திற்கும் தருமத்திற்கும் விரோதம். சான்றிதழ் பின்னர் ரத்தாவதற்கும் இதுவே காரணமாகலாம். இறந்தவரின் தாயார் உயிரோடிருந்தால் அவர் பெயரையும் எழுதவேண்டும்.

போக்குவரத்து அலுவலகத்தில் செய்யவேண்டுவன

வாரிசு தாம் குடியிருக்கும் இடத்திற்கோ, வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் தொழில் இடத்திற்கோ உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். 30 நாட்களுக்குள் கொடுக்கும் முதல் அறிவிப்புக்கு நீண்ட மனு வேண்டுவதில்லை. வண்டியின் பதிவு எண், உரிமையாளரின் பெயர், இறந்த தேதி, விண்ணப்பதாரரின் பெயர், உறவு, விலாசம், வண்டியை உபயோகிக்கக் கருதியிருப்பது ஆகிய இவற்றை ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதி, இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்தால் போதும். ஆனால் கொடுத்தமைக்கு அத்தாட்சி அவசியம். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறுக. தபாலில் அனுப்பினால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துக.

பெயர் மாற்றத்திற்குரிய படிவம் 31-உடன் விதிப்படி சேர்க்கவேண்டியவை: உரிய கட்டணம், இறப்புச் சான்றிதழ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் சான்று என்பன. இவையன்றி, வாரிசுச் சான்றிதழும், ஏனைய வாரிசுகளின் சம்மதக் கடிதமும், விண்ணப்பதாரரின் அடையாளத்திற்கும் விலாசத்திற்குமான ஆதாரங்களும், புகைச் சான்றும் வழக்கமாகக் கேட்கப்படும். இக்காலத்தில் விண்ணப்பம் ‘பரிவாகன்’ என்னும் இணையதளத்தின் மூலம் தொடங்குவதாகையால், பதிவேட்டில் காணும் கைபேசி எண் இறந்தவருடையதா என்பதையும் பார்க்கவேண்டும். அவ்வெண்ணுக்கே குறிச்சொல் வந்து சேருமாதலால், அவருடைய கைபேசி இணைப்பை அவசரப்பட்டுத் துண்டித்துவிடலாகாது.

கெடு கடந்துவிட்டால் வழி அடைபட்டுப் போவதில்லை. தாமதத்திற்குரிய தொகையைச் செலுத்தி விண்ணப்பிக்கலாம். தாமதமாகிவிட்டது என்று அஞ்சி விண்ணப்பியாமலே இருந்துவிடுவதுதான் பெருந்தவறு. பெயர் மாறும் வரையில் அவ்வண்டியைச் சாலையில் ஓட்டாதிருத்தல் அறிவுடைமை.

டிராக்டருடன் டிரெய்லரும் இருந்தால், அது தனியாகப் பதிவு செய்யப்பட்டதென்பதை மறக்கலாகாது. டிராக்டரின் பெயரை மாற்றிவிட்டு டிரெய்லரைக் காலஞ்சென்றவர் பெயரிலேயே விட்டுவைப்போர் பலர். இரண்டிற்கும் தனித்தனியே விண்ணப்பித்தல் வேண்டும். காய்கறி, பால் முதலியன ஏற்றும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் இருந்தால், அதற்கும் சட்டத்தின் 82-ஆவது பிரிவின்கீழ் இவ்வாறே 30 நாள் அறிவிப்பும் மூன்று மாத அவகாசமும் உண்டு. பெர்மிட் வழங்கிய அதிகாரிக்கு அதைத் தனியே தெரிவிக்கவேண்டும்.

இன்ஷூரன்ஸ்

மூன்றாம் நபருக்கு நேரும் நஷ்டத்திற்கு இன்ஷூரன்ஸ் இன்றி எந்த மோட்டார் வண்டியையும் பொது இடத்தில் ஓட்டலாகாது. ஓட்டினால், 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, முதல் குற்றத்திற்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரையிலான சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

பாலிஸி எடுத்தவர் இறந்தால் அன்றே அது முடிந்துபோவதில்லை. மோட்டார் பாலிஸிகளில் பொதுவாகக் காணும் நிபந்தனைப்படி, இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரையிலோ, பாலிஸியின் காலம் முடியும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரையில் அது செல்லும். அதற்குள் வாரிசு, இறப்புச் சான்றிதழையும், வண்டியில் தமக்குள்ள பாத்தியதையைக் காட்டும் ஆதாரத்தையும், அசல் பாலிஸியையும் காட்டி, பாலிஸியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். அல்லது புதிதாக எடுக்கவேண்டும். பாலிஸியில் இன்னும் எட்டு மாதம் எஞ்சியிருக்கின்றதே என்று வாளாவிருப்பவர், நான்காம் மாதத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியையே ஓட்டுகின்றார். பாலிஸிப் பத்திரம் கையிலிருக்கும். அதன் பலன் இராது.

மற்றொன்றும் உண்டு. உரிமையாளரே வண்டியை ஓட்டி விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 15 இலட்சம் ரூபாய் வரையில் கிடைக்கக்கூடிய சொந்த விபத்துக் காப்பு, இப்பொழுது மோட்டார் இன்ஷூரன்ஸுடன் சேர்த்துப் பெறவேண்டியதாக இருக்கின்றது. ஓட்டியவர் பதிவு பெற்ற உரிமையாளராகவும், பாலிஸியில் பெயருள்ளவராகவும், செல்லத்தக்க லைசென்ஸ் உடையவராகவும் இருந்தால்தான் அது கிடைக்கும். தகப்பனார் பெயரிலுள்ள டிராக்டரை ஓட்டும் மகனுக்கு இக்காப்பு இல்லை என்பதை அவன் மனைவி மக்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். காலஞ்சென்ற உரிமையாளரே வண்டி ஓட்டும்போது விபத்தில் இறந்திருப்பாராயின், பெயர் மாற்றத்திற்கு முன் இத்தொகையைக் கோருவதில் கருத்தைச் செலுத்துக.

கடனுள்ள வண்டி

டிராக்டர்களில் பெரும்பாலானவை பாங்கிக் கடனிலோ, கூட்டுறவுக் கடனிலோ, தனியார் நிதிக் கம்பெனிக் கடனிலோ வாங்கப்படுபவை. கடன் கொடுத்தவரின் பெயர் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பு இருக்கும் வரையில், அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி உரிமை மாற்றத்தைப் பதியலாகாதென 51-ஆவது பிரிவு விதிக்கின்றது. ஆதலால், இறந்தவர் பெயரில் கடன் நின்றால், முதல் மாதத்திலேயே பாங்கிக்குச் சென்று மூன்று செய்திகளைக் கேட்டறிக: நிலுவை எவ்வளவு, கடனுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் சேர்த்து எடுக்கப்பட்டிருக்கின்றதா, கடனை எவர் பெயருக்கு மாற்றச் சம்மதிப்பர். இன்ஷூரன்ஸ் இருந்தும் அறியாமையால் கேட்காது, தவணையைத் தாமே கட்டிவரும் குடும்பங்களும் உண்டு.

கடன் முன்னரே தீர்ந்திருந்தும், குறிப்பு நீக்கப்படாமல் இருக்கலாம். அப்படியானால் கடன் கொடுத்தவரிடம் பாக்கியின்மைச் சான்றும், கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்றுக் குறிப்பை நீக்கச் செய்யவேண்டும். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவர் விட்டுச்சென்ற சொத்தில் தாங்கள் பெற்ற அளவிற்கே என்பதையும் அறிந்திருத்தல் நலம். ஜாமீன் கையொப்பமிட்டவரின் பொறுப்பு வேறு.

பெயர் வேறு, பாகம் வேறு

பதிவுச் சான்றில் பெயர் மாறிவிட்டமையாலேயே அவ்வண்டி முழுவதும் அவருடையதாகிவிட்டது என எண்ணுதல் தவறு. சாலையில் வண்டிக்குப் பொறுப்பாளி யார் என்பதற்குப் பதிவேடு பதில் சொல்லும். சகோதர சகோதரிகளுக்குள் பாகம் எவ்வளவு என்பதற்கோ வாரிசுரிமைச் சட்டமே பதில் சொல்லும். தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழும் வாரிசுகள் யார் என்பதை மட்டுமே காட்டுவது, சொத்தைப் பங்கிடுவதன்று.

உயில் எழுதாது இறந்த இந்து ஆண்மகனின் சொந்த ஆர்ஜிதச் சொத்து, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோருக்குச் சமபாகமாகச் சேரும். மேற்கண்ட தஞ்சை விவசாயிக்கு மனைவியும், இரு மகன்களும், மணமான ஒரு மகளும், வயதான தாயாரும் இருப்பதாகக் கொண்டால், டிராக்டரில் ஐவருக்கும் ஐந்தில் ஒரு பாகம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பமாயின், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பாகமும், எஞ்சியது மக்களுக்குச் சமமாகவும் சேரும். முஸ்லிம் குடும்பமாயின் ஷரீஅத்துப்படி பாகம் அமையும். மக்களிருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒரு பாகமும், மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கும் உண்டு.

டிராக்டரை ஐந்தாக வெட்டிப் பங்கிட இயலாது. ஆகையால் உள்ளூரில் இருந்து வேளாண்மை செய்பவர் பெயருக்கு மாற்றி, ஏனையோரின் பாகத்திற்கு ஈடு செய்வதே முறையாகும். வண்டியின் அன்றைய மதிப்பை நடுநிலையுள்ள இருவரைக் கொண்டு தீர்மானித்து, கடன் நிலுவையைக் கழித்து, எஞ்சிய தொகையில் ஒவ்வொருவர் பாகமும் எவ்வளவு, அதை எப்பொழுது கொடுப்பது, அல்லது வேறு எச்சொத்தில் ஈடு செய்வது என்பதை எழுதி யாவரும் கையொப்பமிடவேண்டும். சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கும் அன்றே இதையும் எழுதிவிடுதல் நலம். ‘அண்ணன் பார்த்துக்கொள்வார்’ என்று நம்பிக் கையொப்பமிட்ட தங்கையின் நம்பிக்கைக்குத் துரோகம் நேரலாகாது. அண்ணன் மேல் பிற்காலத்தில் வீண்பழி சுமரவும் ஆகாது. எழுத்து இருவரையும் காக்கும்.

வாரிசுகளுக்குள் இணக்கம் இல்லாவிடில், போக்குவரத்து அலுவலகம் அப்பிணக்கைத் தீர்க்கும் இடமன்று. சிவில் நீதிமன்றமே அதற்கு இடம். அதுவரையில் வண்டியை நிறுத்திவைப்பதே யாவருக்கும் நன்மை.

செய்யத்தகாதவை

காலஞ்சென்றவரின் வண்டியை விற்றுவிடக் கருதும் குடும்பங்களிடம், ‘விற்பனைக்குரிய படிவம் 29-இலும் 30-இலும் அவருடைய கையொப்பத்தைப்போல் ஒன்று இட்டுவிட்டால் காரியம் எளிதில் முடியும்’ என யோசனை கூறுவோர் உண்டு. இறந்தவர் கையொப்பத்தை இடுதல் கள்ளக் கையொப்பக் குற்றமாகும். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே பிணக்கு வந்தாலும், வண்டி விபத்தில் சிக்கினாலும், இறப்புச் சான்றிதழிலுள்ள தேதியே அக்குற்றத்தை வெளிப்படுத்திவிடும். நேரான வழி ஒன்றே: முதலில் படிவம் 31-இன் மூலம் வாரிசின் பெயருக்கு மாற்றி, அதன்பின் அவ்வாரிசே படிவம் 29-இலும் 30-இலும் கையொப்பமிட்டு விற்கவேண்டும். வாங்குவோரும், உரிமையாளர் இறந்துபோன வண்டியை வாரிசின் பெயருக்கு மாறும் முன் வாங்கலாகாது.

உயிரோடிருக்கும்போதே செய்யத்தக்கது

இத்துணை அலைச்சலையும் குறைப்பதற்கு 2021-ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி வண்டியின் உரிமையாளர், தமக்குப் பின் பதிவு எவர் பெயருக்கு மாறவேண்டுமோ அவரை நியமனதாரராகக் குறிக்கலாம். புதிதாகப் பதிவு செய்யும்போதும் இதைச் செய்யலாம். முன்னரே பதிவான வண்டிக்கும் பின்னர்ச் சேர்க்கலாம். நியமனதாரரின் அடையாள ஆதாரத்தைக் காட்டவேண்டும். உரிமையாளர் இறந்த பின் நியமனதாரர் 30 நாட்களுக்குள் அறிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் விண்ணப்பித்துப் பதிவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். விவாகரத்து, பாகப்பிரிவினை முதலியன நேர்ந்தால் நியமனத்தை மாற்றவும் வழியுண்டு.

நியமனத்தைப் பாகமாகக் கருதலாகாது. நியமனம் பெற்றமையால் மற்ற வாரிசுகளின் உரிமை அற்றுப்போவதில்லை எனக் கம்பெனிப் பங்குகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் கூறியிருக்கின்றது. டிராக்டர் ஒருவருக்கே முழுதும் சேரவேண்டும் எனக் கருதுபவர் உயிலும் எழுதிவைத்தல் வேண்டும்.

கிராம அலுவலர்களுக்கு

1980-ஆம் ஆண்டில் பழைய கர்ணம், மணியக்காரர் பதவிகள் நீக்கப்பட்ட பின், அவர்கள் செய்துவந்த கடமைகள் பல கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தன. துக்கம் நேர்ந்த குடும்பம் முதலில் நாடி வருவது அவரையே. இறப்பைப் பதியும்போதே, ‘வீட்டில் மோட்டார் வண்டி ஏதேனும் அவர் பெயரில் உண்டா?’ என ஒரு கேள்வி கேட்டு, 30 நாள் அறிவிப்பை நினைவூட்டுவாராயின், அவர் செய்யும் உதவி பெரிது. வாரிசு விசாரணையில் அயலாரையும் விசாரித்து, மணமான பெண்கள், தாயார், முன்னரே இறந்த மகனின் மக்கள் ஆகியோர் விடுபடவில்லை எனக் கண்டறிதல் வேண்டும். கணவனை இழந்த பெண் எழுதப் படிக்க அறியாதவராயின், எந்தக் காகிதத்தில் எதற்காகக் கையொப்பமோ ரேகையோ கேட்கப்படுகின்றதென்பதை அவருக்குப் படித்துக் காட்டச் செய்வதும் கடமையாகும்.

முடிவுரை

விதை நெல்லைப் பருவம் வருமுன்னரே தேடி வைப்பது நம் வழக்கம். அதைப்போலவே, பதிவுச் சான்று, பாலிஸி, கடன் ரசீதுகள், நியமனக் குறிப்பு ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, அப்பெட்டி எங்கிருக்கின்றதென்பதை மனைவி மக்களுக்குச் சொல்லிவைத்தல் ஒவ்வொரு குடும்பத் தலைவரின் கடமையாகும். பதிவேட்டிலும் பாலிஸியிலும் உயிருள்ளவரின் பெயர் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், ஒரு விபத்தால் நிலம் போகும் அபாயம் பெரிதும் நீங்கும். நம் விவசாயிகள் இம்மூன்று கெடுக்களையும் தம் வீட்டுப் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதிவைத்துக்கொள்வார்களாக.